நேர்த்திக்கடனுக்கு மதம் உண்டா? நம் ஊர்களில் ஒற்றுமை எதில் நிற்கிறது?

தேரடி:

எனக்கு இரண்டு வயதிருக்கும்போது ராத்திரியானால் வீறிட்டு அழுவேனாம். அம்மா எல்லா வைத்தியமும் பார்த்துவிட்டு, ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் என்னைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடைத்தெருப் பள்ளிவாசல் வாசலில் போய் நின்றிருக்கிறார். அங்கே ஏற்கெனவே ஏழெட்டுப் பெண்கள். கையில் குழந்தை, சிலர் கையில் செம்புத் தண்ணீர். நெற்றியில் திருநீறு, கழுத்தில் தாலி. மஃரிப் தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்கள் ஒவ்வொரு குழந்தையின் தலையிலும் கை வைத்து, ஓதி, ஊதிவிட்டுப் போவார்கள். காசு கிடையாது, கேள்வி கிடையாது. தமிழ்நாட்டில் இதைப் பார்க்காத ஊர்க்காரர் குறைவு என்று நினைக்கிறேன்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், "எம்மதமும் சம்மதம்" என்று மேடையில் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த வாசல்தான் நினைவுக்கு வருகிறது. அங்கே நின்ற பெண்கள் யாரும் எல்லா மதமும் ஒன்று என்று முடிவு செய்து வந்தவர்கள் இல்லை. பிள்ளை தூங்க வேண்டும், அவ்வளவுதான். ஓதியவர்களும் தங்கள் மார்க்கத்தில் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுத்தவர்கள் இல்லை. வித்தியாசம் வித்தியாசமாகவே இருந்தது, ஆனால் வாசல் திறந்திருந்தது.

நாகூர் தர்காவின் மினாராக்களில் மிக உயரமானது, 131 அடி, தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிம்மர் கட்டியது. தஞ்சாவூருக்குப் பக்கத்தில் காசவளநாடு புதூரில் இந்துக் குடும்பங்கள்தான் மொஹரத்தை ஊர்த் திருவிழாவாக நடத்துகிறார்கள். உள்ளங்கை வடிவத்தை "அல்லா சாமி" என்று கும்பிட்டு, வீதியுலா கொண்டுபோய், தீ மிதிக்கிறார்கள். இதற்கெல்லாம் அரசாணை எதுவும் கிடையாது.

என் கேள்வி இதுதான். இது எதில் நிற்கிறது? பக்தியிலா, பழக்கத்திலா, தேவையிலா? உங்கள் ஊரில் கண்டதை எழுதுங்கள். படித்ததை விட, கண்டது வேண்டும்.

நாகூர்ப் புறா:

எனக்குச் சொந்த ஊரே நாகூர்தான், அதனால் கண்டதையே சொல்கிறேன்.

தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரிக்கு நாகப்பட்டினத்திலிருந்து கொடி ஊர்வலம் கிளம்பும்போது வழியில் நிற்கும் கூட்டத்தில் யார் எந்த மதம் என்று பிரிக்கவே முடியாது. எஜமானுக்கு (தர்காவில் அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது ஆண்டகையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) நேர்ந்துகொண்டு பிள்ளைக்கு மொட்டை போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்துக் குடும்பங்கள். புறா வாங்கிப் பறக்கவிடுவார்கள். கை வலி, கால் வலி என்றால் தகட்டில் செய்த கை, கால் உருவங்களைக் காணிக்கையாகப் போடுவார்கள். என் அத்தா கடை வைத்திருந்த காலத்தில் வருஷா வருஷம் அதே நாளில் வந்து, அதே கல்லில் உட்கார்ந்து, நார்சா (தர்காப் பிரசாதம்) வாங்கிக்கொண்டு போகும் ஒரு விவசாயக் குடும்பம் இருந்தது. பெரியவர் இறந்த பிறகும் மகன் வந்தார். "அப்பா சொன்ன கடன், நிறுத்த மனசு வரல" என்றார்.

ஆனால் ஒன்றை நேராகச் சொல்லிவிட வேண்டும். என் தம்பி தர்காவுக்குப் போக மாட்டான். இறைவனிடம் கேட்க வேண்டியதை இறைவனிடம் மட்டுமே கேட்க வேண்டும், கப்ரில், அதாவது அடக்கத்தலத்தில், போய்க் கேட்பது மார்க்கத்துக்கு விரோதம் என்பது அவன் நம்பிக்கை. எங்கள் வீட்டிலேயே இதில் இரண்டு கட்சி. ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டு இதை விடிய விடிய வாதாடியிருக்கிறோம். அவன் ஐவேளையும் தொழுகிறவன், பக்கத்து வீட்டு ஐயருக்கு நெஞ்சு வலி வந்தபோது தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவனும் அவன்தான்.

தர்காவுக்கு வருகிற முஸ்லிம் நல்லவர், வராதவர் கடுமையானவர் என்று வெளியே ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அது எனக்கு வலிக்கிறது. எங்கள் வழிபாட்டில் உங்களுக்குப் பிடித்த பகுதியை மட்டும் வைத்து எங்களை அளக்காதீர்கள். உங்களோடு ஒன்றாகக் கும்பிடாதவனோடும் ஒன்றாக வாழ முடியுமா என்பதுதான் கேள்வி.

மருதாணி:

நாகூர்ப் புறா, உங்கள் கடைசி வரியை இரண்டு முறை படித்தேன்.

நான் திருவரங்கத்தில் வளர்ந்தவள். பெருமாள் கோயிலுக்குள்ளேயே துலுக்க நாச்சியாருக்கு இடம் உண்டு. அரங்கன் திருமேனி டில்லிக்குப் போனபோது சுல்தானின் மகள் அதன் மேல் உயிரையே வைத்துவிட்டாள், திரும்ப எடுத்து வந்தபோது பின்னாலேயே வந்து இங்கே உயிர்விட்டாள் என்று கதை. இதில் எனக்கு எப்போதும் சிலிர்ப்பது ஒன்று: அவளுக்குச் சிலை வைக்கவில்லை. உருவ வழிபாடு அவள் பிறந்த மார்க்கத்தில் இல்லை என்பதால் சுவரில் ஓவியமாக மட்டுமே வைத்தார்கள் என்பார் என் பாட்டி. பெருமாளுக்கு அவள் நிமித்தமாகக் காலையில் ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்விக்கிறார்கள். இவ்வளவு ஆசாரம் பார்க்கும் கோயிலில், தளிகையிலேயே அவள் வீட்டுச் சாப்பாட்டுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

கதை நடந்ததா இல்லையா என்று வரலாற்றுக்காரர்கள் பேசட்டும். ஒரு படையெடுப்பின் காயத்தை இந்த ஊர் ஒரு பெண்ணின் காதலாக நினைவில் வைத்துக்கொண்டதே, அது எப்படிப்பட்ட மனசு என்றுதான் நான் யோசிக்கிறேன். வேறு எப்படியும் வைத்திருக்கலாம்.

மதுரைக்காரர்கள் யாராவது இருந்தால் வண்டியூர் பற்றி எழுதுங்கள். வைகையில் இறங்கிய அழகர் அங்கே போவதைத் துலுக்க நாச்சியாரைப் பார்க்கப் போவதாகத்தானே ஊரில் சொல்வார்கள்?

ஊர்க்கிணறு:

எல்லாம் அழகாக இருக்கிறது. குறை சொல்ல வரவில்லை, என் தெருவிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று சொல்ல வந்தேன்.

எங்கள் ஊரில் பெருமாள் கோயில் தேரும் உண்டு, தர்காவின் சந்தனக்கூடு ஊர்வலமும் உண்டு. சந்தனக்கூடு எங்கள் தெரு வழியாக வரும். நாங்கள் மாலை போடுவோம், குழந்தைகளைத் தூக்கிக் காட்டுவோம். தேர் எங்கள் தெருவுக்கு வராது. நான் பிறந்ததிலிருந்து வந்ததில்லை, என் அப்பா பிறந்ததிலிருந்தும் வந்ததில்லை. கேட்டால் தெரு குறுகல் என்பார்கள். தெருவை அளந்து பார்த்தவன் நான். குறுகல் இல்லை.

ஆகவே "இந்து முஸ்லிம் ஒற்றுமை" என்று பேசும்போது எனக்கு ஒரு சந்தேகம் வரும். தேர் இழுக்கிறவரும் கூடு எடுக்கிறவரும் ஒருவருக்கொருவர் மரியாதை செய்து, பரிவட்டம் கட்டி, வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்கிறார்கள். நல்லது. அந்தத் தட்டு எங்கள் பக்கம் நீட்டப்பட்டதில்லை. இரண்டு பெரிய வீட்டுக்காரர்கள் சமாதானமாக இருப்பதற்குப் பெயர் ஊர் ஒற்றுமையா?

மதுரை மீனாட்சி கோயிலுக்குள் எங்கள் ஆட்கள் போனது 1939 ஜூலை 8. கோயில் எவ்வளவு பழையது, அந்தத் தேதி எவ்வளவு புதியது என்று பாருங்கள். வைக்கத்தில் 1924-இல் போராட்டம் தொடங்கியபோது கேட்டது கோயிலுக்குள் போகும் உரிமை கூட இல்லை, கோயிலைச் சுற்றியிருந்த தெருவில் நடக்கும் உரிமை. இதைத் தாண்டிவிட்டு ஒற்றுமை பற்றிப் பேச என்னால் முடியவில்லை.

தெற்கே சாமிதோப்பில் அய்யா வைகுண்டர் என்ன செய்தார் தெரியுமா? 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதி. மார்பை மறைக்கத் தோள்சீலை போட்டதற்கே அடி வாங்கிய மக்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு சாமி கும்பிட வரச் சொன்னார். முத்திரிக் கிணறு என்று ஒரு கிணறு, எல்லாச் சாதியும் அதே தண்ணீரில். பதிக்குள் (அவர் வழியினரின் வழிபாட்டு இடம்) போனால் சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது, உன்னையே பார்த்துக் கும்பிடு. எனக்குத் தெரிந்த ஆன்மீகம் அதுதான். என் பெயரை இந்த இழையில் ஊர்க்கிணறு என்று வைத்துக்கொண்டதற்கும் அதுதான் காரணம்.

தேரடி:

ஊர்க்கிணறு, நீங்கள் சொன்னதற்குப் பதில் எழுத உட்கார்ந்து மூன்று முறை அழித்துவிட்டேன். நான் "வாசல் திறந்திருந்தது" என்று எழுதினேன். அன்றைக்கு அந்தப் பள்ளிவாசல் வாசலில் நின்ற பெண்களில் எங்கள் ஊர்ச் சேரியிலிருந்தும் வந்திருந்தார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறார். ஒரே வரிசை. அதே பெண்கள் எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் ஒரே வரிசையில் நின்றிருக்க மாட்டார்கள். இத்தனை வருஷம் இந்தக் கதையைச் சொல்லி வந்திருக்கிறேன், இந்தப் பாதி எனக்கு உறைக்கவே இல்லை.

அடுப்பங்கரை:

நான் வடலூர்ப் பக்கம். எங்கள் ஊர்க் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வள்ளலார் 1867 மே மாதம் தரும சாலையைத் தொடங்கி அன்றைக்கு மூட்டிய அடுப்பு இன்று வரை அணையவில்லை. சங்கத்துக்குச் சமரசம் என்று பெயர் வைத்தவர் எடுத்த எடுப்பில் செய்தது தத்துவ விளக்கம் இல்லை, சோறு. பசித்தவன் யார், எந்த ஊர், என்ன சாதி என்று கேட்காமல் இலை போடுவது. ஞான சபையை 1872-இல்தான் எழுப்பினார், சாலை வந்து ஐந்து வருஷம் கழித்து. இந்த வரிசையே எனக்குப் பெரிய பாடம்.

சின்ன வயதில் தைப்பூசத்துக்குப் பரிமாறப் போயிருக்கிறேன். ஏழு திரை நீக்கி ஜோதி காட்டும் நேரத்தில் கூட்டம் சபைப் பக்கம் நெருக்கும். என் அத்தை மட்டும் சாலையை விட்டு நகர மாட்டார். "ஜோதி அங்கயும் இருக்கு, இங்கயும் எரியுது" என்று அடுப்பைக் காட்டுவார்.

இதையும் மறைக்காமல் சொல்கிறேன். சபைக்குள் புலால் தவிர்த்தவர்கள் மட்டுமே போகலாம் என்பது வள்ளலார் வைத்த விதி. ஊர்க்கிணறு போன்றவர்கள் இதை எப்படிப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், உணவை வைத்துத் தள்ளி நிறுத்திய வரலாறு இந்த நாட்டில் உண்டு. அவர் மனசில் இருந்தது உயிர் மேல் இரக்கம், பிறப்பில் தாழ்வு பார்ப்பது இல்லை. பிறப்பை யாரும் மாற்ற முடியாது, தட்டில் இருப்பதை யாரும் மாற்றலாம் என்பது அவர் கணக்கு. ஆனாலும் தரும சாலையில் அந்தக் கேள்வியும் கிடையாது. அங்கே பசி ஒன்றே தகுதி. இரண்டில் எது பெரியது என்று கேட்டால் நான் சாலைப் பக்கம்தான் நிற்பேன்.

முத்துச்சிப்பி:

நான் கடற்கரைக் கிறிஸ்தவக் குடும்பம். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? காவி உடுத்தி, விரதம் இருந்து, மாதா படம் வைத்த சின்னத் தேரை இழுத்துக்கொண்டு. பழனிக்குப் போகிறவர்களுக்கும் இவர்களுக்கும் தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது. 1962-இல் ரோம் பசிலிக்கா என்று தரம் உயர்த்தியது, மக்களுக்கு அது எப்போதும் "ஆரோக்கிய மாதா கோயில்"தான். கோயில், தேர், கொடியேற்றம், நேர்ச்சை, மொட்டை, எந்தச் சொல்லும் வெளியிலிருந்து வந்ததில்லை.

இத்தாலியிலிருந்து வந்த பெஸ்கி பாதிரியார் வீரமாமுனிவர் ஆனதும் இப்படித்தான். சூசையப்பர் கதையைக் காப்பியமாகப் பாட வந்தவர், பாலஸ்தீனத்தைத் தமிழ்நாட்டு மழையும் வயலுமாகத்தான் பாடினார். உமறுப்புலவரும் நபிகள் வரலாற்றைப் பாடும்போது அரபு நாட்டுக்கு மருத நிலத்தையே கொடுத்தார். கேட்கிறவன் கண்ணுக்குத் தெரிந்த வயல் அதுதானே. குணங்குடி மஸ்தான் சாகிபு பராபரக்கண்ணி பாடினார், தாயுமானவர் பாடிய அதே வடிவத்தில். மதம் மாறினாலும் மொழி மாறவில்லை. தேரடி கேட்டாரே எதில் நிற்கிறது என்று, என் பதில் பாதி மொழி.

மீதிப் பாதியை ஊர்க்கிணறு சொல்லிவிட்டார், நானும் சேர்த்துக்கொள்கிறேன். நான் பார்த்த ஒரு ஊரில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர் இருக்கிறது. ஒரே ஞானஸ்நானம், ஒரே அப்பம், செத்த பிறகு சாதிக்கு ஒரு பக்கம். எங்கள் பாட்டி அந்தச் சுவரைத் தாண்டிப் போய்த்தான் தன் தோழியின் கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவார், நவம்பர் 2 கல்லறைத் திருநாளில். யாரும் தடுத்ததில்லை. யாரும் சுவரை இடித்ததும் இல்லை. சட்டத்தின் கதை வேறு: 1950 ஆணைப்படி பட்டியல் சாதி உரிமை கிறிஸ்தவராகிவிட்ட தலித்துக்குக் கிடையாது. பிற்பாடு 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். மதம் மாறினால் சாதி போய்விடும் என்று சட்டம் நம்புகிறது. சுவர் நம்பவில்லை.

நான்காம் சந்து:

மன்னிக்கவும், நான் கொஞ்சம் கடினமாகப் பேசப் போகிறேன். நான் வளர்ந்த ஊரில் தர்கா உண்டு, தேர் உண்டு, ஓதி ஊதுவதும் உண்டு. மாமா, மச்சான் என்று மதம் தாண்டி முறை சொல்லிக் கூப்பிடுவதும் உண்டு. பிறகு ஒரு வருஷம் ஒரு ஊர்வலத்தில் கல் விழுந்தது. மூன்று நாள். என் நண்பனின் சைக்கிள் கடை எரிந்தது. எரித்தவர்களில் ஒருவன் அந்தக் கடையில் காற்றடித்துக் காசு கொடுக்காமல் போகிறவன்.

அதற்குப் பிறகு இந்த மாதிரிக் கதைகளைக் கேட்டால் எனக்குப் பாரமாக இருக்கிறது. துலுக்க நாச்சியார் அந்த மூன்று நாளும் எங்கே இருந்தார்? என்னைக் கேட்டால் காப்பாற்றுவது சட்டம்தான். அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு எல்லோருக்கும் சமமாக மனச்சாட்சிச் சுதந்திரம் தருகிறது. அதே பிரிவுதான் இந்துக் கோயில்களை எல்லா வகுப்பாருக்கும் திறந்துவிட அரசுக்கு அதிகாரமும் தருகிறது. தீண்டாமையை 17-ஆவது பிரிவு ஒழித்தது. பாசம் வரும் போகும், எழுதி வைத்தது நிற்கும்.

நாகூர்ப் புறா:

சந்து, உங்கள் நண்பருக்கு நடந்ததைக் குறைத்துப் பேச மாட்டேன். சட்டம் வேண்டும், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

ஆனால் 2004 டிசம்பர் 26 காலையில் நான் நாகூரில் இருந்தேன். எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். அன்றைக்குச் சட்டம் வந்து சேர நேரமானது. உடல்களைத் தூக்கிய கைகளைப் பார்த்தேன். யார் பிணம், எரிப்பதா புதைப்பதா என்று கேட்க நேரமில்லை, ஆனால் தெரிந்த முகம் என்றால் அவரவர் முறைப்படி செய்ய வேண்டும் என்று முயன்றார்கள். என் தம்பி, அந்த தர்காவுக்குப் போகாதவன், ஒரு மீனவப் பாட்டியின் நெற்றியில் திருநீறு வைக்க யாராவது இருக்கிறார்களா என்று தேடி அலைந்தான். அவனுக்கு அந்தத் திருநீற்றில் நம்பிக்கை இல்லை. அந்தப் பாட்டிக்கு இருந்தது என்று அவனுக்குத் தெரியும். பரங்கிப்பேட்டையில் ஜமாத்தார் மீனவக் குடும்பங்களைத் தங்கவைத்துச் சமைத்துப் போட்டார்கள்.

கலவரத்தில் காணாமல் போனதும் நம் ஆட்கள்தான், சுனாமியில் ஓடி வந்ததும் நம் ஆட்கள்தான். இரண்டையும் சேர்த்துத்தான் கணக்கெடுக்க வேண்டும்.

அடுப்பங்கரை:

சென்னையில் ஒன்று பார்த்தேன். திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல், 1795-இல் கட்டியது. ரமலான் மாதம் அங்கே நோன்பு திறக்க வருகிறவர்களுக்குச் சைவச் சாப்பாடு சமைத்து, கொண்டுவந்து, தாங்களே பரிமாறுகிறவர்கள் சூஃபிதார் கோயில் தொண்டர்கள். பிரிவினையில் சிந்து மாகாணத்தை விட்டு வந்த குடும்பங்கள் அவர்கள். மதத்தின் பெயரால் வீடு இழந்து வந்தவர்கள். சந்து கேட்ட கேள்விக்கு இது பதில் ஆகாது. எனக்குச் சொல்லத் தோன்றியது.

மருதாணி:

சந்து, அந்த மூன்று நாள் நாச்சியார் எங்கே இருந்தார் என்ற கேள்வி என்னை விடவில்லை. பாட்டியிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். ரொட்டி ஒரு நாள் நிவேதனம் இல்லை. தினமும் யாரோ எழுந்து, மாவு பிசைந்து, சுட வேண்டும். செய்யாவிட்டால் நின்றுவிடும். உங்கள் ஊரில் யாரோ, எப்போதோ, எதையோ செய்வதை நிறுத்தியிருக்கிறார்கள். அது என்ன என்று கண்டுபிடிக்க முடியுமா?

நான்காம் சந்து:

முடியும் என்று நினைக்கிறேன். கலவரத்துக்கு ஐந்தாறு வருஷம் முன்பே சந்தனக்கூட்டுக்கு எங்கள் தெருவிலிருந்து போகும் பூவை நிறுத்திவிட்டார்கள். பூ கட்டுகிறவர் இறந்தார், மகன் வெளியூர் போனார், வேறு யாரும் எடுத்துச் செய்யவில்லை. யாரும் எதிர்த்து நிறுத்தவில்லை. அடுத்த வருஷம் அந்தப் பக்கத்திலிருந்து தேருக்கு வரும் விளக்கெண்ணெயும் வரவில்லை. அப்போது இது எங்களுக்குப் பெரிதாகவே படவில்லை.

தேரடி:

சந்து எழுதிய அந்தப் பூவைப் பற்றியே இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று அம்மாவிடம் பேசினேன். எங்கள் ஊர்த் தேர் சேரித் தெருவுக்குப் போகுமா என்று கேட்டேன். "போகாது, எப்பவும் மேலத்தெரு முனையில திரும்பிடும்" என்றார். சிறிது நேரம் கழித்து, "நீ ஏன் இத்தனை நாள் கேக்கல" என்றார். பங்குனித் திருவிழாவுக்கு ஊர்க்கூட்டம் போடுவார்கள். இந்த முறை நான் போய் உட்காரப் போகிறேன். முனையில் திரும்பாமல் நேராகப் போக வேண்டும் என்று எழுந்து சொல்லப் போகிறேன். என் சித்தப்பாவே எதிர்ப்பார் என்று தெரியும். என்ன நடந்தது என்று இங்கேயே எழுதுகிறேன்.

ஊர்க்கிணறு:

போங்கள், நல்லது. ஆனால் கூட்டத்துக்கு முன்னால் அந்தத் தெருவுக்குப் போய் ஒரு வீட்டில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போங்கள். அவர்கள் சார்பாக நீங்களே முடிவு செய்துகொண்டு போகாதீர்கள். எங்கள் ஊரில் தேரை விடத் தலைக்கட்டு வரிதான், திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் பணம்தான், பெரிய பேச்சு. எங்களிடம் வரி வாங்க மாட்டார்கள். வாங்கினால் திருவிழாவில் பங்கு கொடுக்க வேண்டும் இல்லையா, அதனால். என் அப்பா ஒவ்வொரு வருஷமும் அந்தப் பணத்தை மஞ்சள் துணியில் முடிந்து, கூட்டம் நடக்கும் ஆலமரத்தடி வரை கொண்டுபோய்விட்டுத் திரும்பி வருவார். தேர் வர வேண்டுமா, வரி வாங்க வேண்டுமா, எது முதலில் என்று அவர்களிடமே கேளுங்கள்.